முகட்டில் நாற்பதாயிரம் ஈக்கள்

ஆகஸ்ட் 3, 2094. காலை 6.40
காற்று: மேற்கு, மணிக்கு 70 கி.மீ. மின்சாரம் சீர்.

முகடு ஆய்வகம், தினசரிப் பதிவு. எழுதுவது ஈசுவரவடிவு, பூச்சியியல் பொறுப்பாளர். இங்கே இருப்பதே நான் ஒருத்திதான் என்பதால் சமையல் பொறுப்பாளர், கழிவறைப் பொறுப்பாளர், சரிவில் கம்பியில் பெட்டியை ஏற்றி இறக்கும் விஞ்சின் பொறுப்பாளர் எல்லாமும் நானே. "அடுத்து வருபவருக்குப் புரியும்படி எழுதவும்" என்று இந்த ஆய்வகத்தை நடத்தும் குழு சுவரில் ஒட்டி வைத்திருக்கிறது. அடுத்து யாரும் வரப்போவதாகத் தெரியவில்லை. சம்பளம் வாங்குகிற பாவத்துக்குப் புரியும்படியே எழுதுகிறேன்.

பூச்சி வளர்க்கும் கூடத்தில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பூ ஈக்கள் இருக்கின்றன. பார்த்தால் தேனீ என்றே நினைப்பீர்கள். கொட்டாது. இதன் புழு அழுகிய இலைத் தண்ணீரில் வளரும், வால் வழியாக மூச்சு விடும். அந்த நாற்றத்தில் முதல் மாதம் சோறு இறங்காது. பிறகு நாற்றமே தெரியாது, அதுதான் இன்னும் கவலைக்குரியது.

கீழே, காற்று படாத பள்ளத்தில், கீழ்முகாம். கடல் ஊருக்குள் வந்தபோது தூத்துக்குடிப் பக்கத்துக் கரையைவிட்டு மலையேறி வந்த முப்பது, முப்பத்தைந்து குடும்பங்கள். இந்தக் குளிரில் நெல் வராது. அவர்கள் விதைப்பது மலைக்கோதுமை. பெயர்தான் கோதுமை, கோதுமைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெள்ளைப் பூ, மூன்று மூலை உள்ள கறுப்பு மணி. அதில் ஒரு வம்பு உண்டு. ஒரு செடியின் பூவில் சூல்தண்டு நீளமாக இருக்கும், பக்கத்துச் செடியின் பூவில் குட்டையாக இருக்கும். நீளத்தின் மகரந்தம் குட்டைக்குப் போகவேண்டும், குட்டையினுடையது நீளத்துக்கு வரவேண்டும். தன் மகரந்தம் தனக்கு ஆகாது. இடையில் ஒரு பூச்சி அலைந்தால்தான் மணி பிடிக்கும். பூவோ மிளகு அளவு, வயல் முழுக்கக் கோடிக்கணக்கில். கையால் தொட்டு வைத்து முடிகிற காரியமில்லை.

மூன்று வருடமாகத் தேனீப் பெட்டிகள் அந்த வேலையைச் செய்தன. போன குளிரில் கடைசிப் பெட்டியும் செத்துப்போயிற்று. ஆகவே இந்த வருடம் என் ஈக்களுக்குத்தான் அழைப்பு. செப்டம்பர் இரண்டாம் வாரம் பூக்கும். அதற்கு முன் கூண்டுகளை விஞ்சில் இறக்கிவிடவேண்டும். முட்டைக் கணக்கு அமோகம். எல்லாம் நலம்.

ஆகஸ்ட் 9. காலை 10.15
காற்று: மேற்கு, 65.

பறக்கும் சோதனை. கூடத்தில் ஓர் உயரமான கண்ணாடிக் குழாய் இருக்கிறது. மேல்வாயில் ஈக்களைக் கொட்டினால் பறக்கிறவை மேலே சன்னலுக்கு வந்துவிடும், மற்றவை அடித்தட்டில் விழும். தேனீக்கள் இருந்த தைரியத்தில் மூன்று வருடமாக இந்தச் சோதனையை யாரும் கேட்கவில்லை. நானும் செய்யவில்லை.

ஒரு கிண்ணம் ஈ கொட்டினேன். அத்தனையும் கடுகு கொட்டின மாதிரி நேரே அடியில் போய் விழுந்தன. விழுந்தவை எழுந்து, முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடந்து போயின.

குளிராக இருக்கும். நாளை சூடேற்றிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10. மாலை 4.00
காற்று: மேற்கு, 72.

கூடத்தைச் சூடேற்றினேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். பன்னிரண்டு கிண்ணம் கொட்டினேன். பன்னிரண்டும் கடுகு.

ஒன்றை லென்சின் கீழே வைத்து மார்பை அறுத்தேன். நன்றாகப் பறக்கும் ஈக்கு அந்த இடம் முழுக்கச் சதை இறுகியிருக்கும். இதில் வெளுத்த நூல் போல இரண்டு இழை, மிச்சமெல்லாம் கொழுப்பு. வயிறு முட்ட முட்டை. இறக்கை மட்டும் குறையில்லாமல் இருக்கிறது, வாசலில் நிறுத்தி வைத்த ஓடாத கார் மாதிரி. அதனால்தான் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

என் முனைவர் பட்டமே இந்த விஷயத்தில்தான் என்பதையும் அடுத்து வருபவர் தெரிந்துகொள்ளட்டும், சிரிக்கலாம். இந்த முகட்டுப் புல்லில் இருக்கும் வண்டுக்கு முதுகு ஓடு ஒட்டிப்போய்விட்டது, திறக்காது. வெட்டுக்கிளிக்கு இறக்கை நகம் அளவு. பெண் அந்துப்பூச்சிக்கு அதுவும் இல்லை. நடுக்கடல் தீவுகளிலும் இதே கதைதான். காற்று ஓயாத இடத்தில் எழும்பிப் பறக்கிறது கடலுக்கோ பாதாளத்துக்கோ போகும். உட்கார்ந்திருப்பது பிள்ளை பெறும். பறப்பது செலவு பிடித்த வேலை வேறு. பறக்காதது அந்தச் செலவை மிச்சப்படுத்தி முட்டையில் போடும். சதை முதலில் போகும், இறக்கை மெதுவாகப் பின்னால் போகும். இதையெல்லாம் முந்நூறு பக்கம் எழுதியவள் நான்.

ஆனால் கூடத்துக்குள் காற்றே கிடையாது. அதுதான் புரியவில்லை.

ஆகஸ்ட் 12. பிற்பகல் 2.20
காற்று: மேற்கு, 80.

காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கூடத்துக்கு இரண்டு கதவு, நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு அறை. உள்கதவைத் திறக்கப் போனால் முதலில் அந்த அறையில் ஊதா விளக்கு எரியும். வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்து வரும் ஈயை ஒரு விசிறி உறிஞ்சிக் கம்பியில் போட்டுப் பொரித்துவிடும். விளக்கு எரியாமல் கதவு திறக்காது. ஒரு காலத்தில் எங்கேயோ தப்பிய தேனீக்களோடு உண்ணியும் போய் ஒரு மாவட்டத்துத் தேனீக்களையே காலி பண்ணியதாம். அதிலிருந்து குழு போட்ட விதி இது. உத்தரவில்லாமல் ஒரு பூச்சியும் தப்பக் கூடாது. விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நான் வந்த புதிதில் சாயங்காலம் அந்தக் கம்பிக்கு அடியிலுள்ள தட்டைத் தட்டினால் ஒரு டம்ளர் அளவு கருகிய ஈ விழும். பிறகு அரை டம்ளர் ஆனது. பிறகு ஒரு சிட்டிகை. போன வருடம் முழுக்க ஒன்றுமேயில்லை. கதவின் இறுக்கம் பிரமாதம் என்று எல்லோரும் நினைத்தோம். குழுவிலிருந்து இரண்டு பேர் மெனக்கெட்டு விஞ்சில் ஏறி வந்து, காற்றில் படபடக்கிற பொன்னாடையை எனக்குப் போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்று காலை தட்டைத் தட்டப்போய், சுத்தமான தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் கணக்குப் போட்டேன். கதவு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை திறக்கிறது. ஒவ்வொரு முறையும் நன்றாகப் பறக்கிற ஈ வந்து செத்துப்போகிறது. தீனித் தட்டை விட்டு நகராத சோம்பேறி முட்டையிடுகிறது. ஆறு வருடம், அறுபது தலைமுறை. வெளியே காற்று பல்லாயிரம் வருடமாகப் பாடுபட்டுச் செய்ததை நாங்கள் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு ஆறே வருடத்தில் முடித்துவிட்டோம்.

குழுவுக்கு ரேடியோவில் சொன்னேன். பதில் இல்லை. இரண்டு மாதமாகவே அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை.

ஆகஸ்ட் 13. காலை 7.30
காற்று: மேற்கு, 60.

கீழ்முகாமுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. அங்கே ரேடியோ, விதைக் கிடங்கு, ஊர்ச் சண்டை தீர்ப்பது மூன்றும் பிலோமியக்கா கையில். நேரில் நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் பேசிக்கொள்வோம். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற ஒரே குரல் அது. பேச்சை அப்படியே பதிகிறேன்.

நான்: "அக்கா, ஈ பறக்கல."

கீழ்முகாம்: "குளுருக்கா இருக்கும். செத்த வெயில்ல வையி."

நான்: "குளுரு இல்லக்கா. பறக்குத ஈயெல்லாம் செத்துப்போச்சு. கதவு வெளக்குல நாங்களே கொன்னுட்டோம். மிச்சம் இருக்கது அத்தனையும் நடக்குத சாதி."

கீழ்முகாம்: "ஏட்டி, காலங்காத்தால வெளாடாத. இங்க செடி முழங்கால் ஒயரம் நிக்கு."

நான்: "வெளாடலக்கா."



கீழ்முகாம்: "சரி. நடக்குமில்லா? எங்க செடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டுத்தான் நிக்கு. இந்தச் செடியிலருந்து அந்தச் செடிக்கு நடந்தே போகட்டுமே. நாங்க மட்டும் பறந்தா வந்தோம்?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அதில் தப்பொன்றும் தெரியவில்லை. மூன்று வருடமாக இந்த ஊரின் அடுப்பை எரியவைத்தது என் படிப்பு இல்லை, பெட்டித் தேனீ. அதுவும் போனபிறகு நடக்கிற ஈயாவது இருக்கட்டும்.

ஆகஸ்ட் 21. மாலை 5.10
காற்று: மேற்கு, 85.

இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. ஒன்று, நடக்கிற ஈக்களைக் கூண்டில் அடைத்துத் தயார் செய்வது. இன்னொன்று, நாற்பதாயிரத்தில் பறக்கிறது ஒன்றிரண்டாவது மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு வாரமாகக் கிண்ணம் கிண்ணமாகக் குழாயில் கொட்டுகிறேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று. கனவிலும் கடுகு விழுகிறது.

இருபத்துச் சொச்சம் கிடைத்திருக்கின்றன. அதில் ஏழுதான் பெண். முதலாவது ஈ குழாயின் நடுவில் நின்று, அந்தரத்தில் அப்படியே அதிர்ந்துகொண்டு, மேலே ஏறி வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைப் பதிவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அவற்றை விளக்கைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது? கட்டிங் பிளேயரை எடுத்துக் கதவின் கம்பியை அறுத்தேன். விளக்கு இனி எரியாது. விதி மீறல் பதிவு செய்யப்படுகிறது. பொன்னாடையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன், மடித்துத்தான் வைத்திருக்கிறேன்.

பறக்கிறவை இப்போது என் படுக்கை அறையில், கொசுவலைக்குள் இருக்கின்றன. வலையில்லாமல் நான் படுத்துக்கொள்கிறேன். இவை முட்டையிட்டு, புழுவாகி, கூடாகி, ஈயாக வெளிவரக் குறைந்தது ஐந்து வாரம். பூ ஆறு வாரம் நிற்கும். அதன் கடைசியைப் பிடித்துவிடலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது.

செப்டம்பர் 11. பிற்பகல் 3.00
காற்று: மேற்கு, 55. விஞ்ச் ஓடுகிறது.

பூத்துவிட்டது. முதல் கூண்டுகளை இறக்கினேன். மதியம் பேசினோம்.

கீழ்முகாம்: "ஊரே வயல்ல நிக்குட்டி. கரண்டியில அள்ளி அள்ளிப் பூவுல விடுதோம். எறங்கி நக்குது பாரு! கன்னமெல்லாம் மஞ்சப் பொடி. அந்தால அடுத்த செடிக்கு ஏறுது. பக்கத்து வயலு சூசையண்ணன் இதுகளுக்குப் பேரே வச்சிட்டாரு."

நான்: "என்ன பேரு?"

கீழ்முகாம்: "கால்நடை."

வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். அங்கே பத்துப் பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. இன்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13. காலை 7.05
காற்று: மேற்கு, 90.

கீழ்முகாம்: "வடிவு. எறும்பு."

நான்: "எவ்வளவு?"

கீழ்முகாம்: "சாயந்தரமானா ஒன் ஈயெல்லாம் தண்டு வழியா மண்ணுக்கு எறங்கி வந்து ஒதுங்கி உக்காருது. காலைல பாத்தா ஒரே வரிசை. உசுரோட இழுத்துட்டுப் போவுது. ஏட்டி, ஒரு உதறு உதறி எழும்பித் தப்பக்கூடத் தெரியலியே இதுகளுக்கு. பாத்துக்கிட்டு நிக்கோம்."

முகட்டில் எறும்பு கிடையாது. குளிர் அதிகம், அதற்கு ஆகாது. அதனால்தான் இங்கே பறக்காதவை தைரியமாகத் தரையில் உலாவுகின்றன. பறக்காத பூச்சி வாழ்வது அதைத் தின்ன ஆள் இல்லாத இடத்தில்தான். தீவுகளில் எலி ஒன்று கப்பலிலிருந்து இறங்கினால் போதும், கதை முடிந்தது. இதற்கு ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறேன்.

அத்தியாயம் எழுதியவளுக்குக் கூண்டை இறக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஊரே சிரித்ததில் எல்லாம் மறந்துபோய்விட்டது.

செப்டம்பர் 17. மாலை 3.30
காற்று: மேற்கு, 105.

செடியைச் சுற்றிச் சாம்பல் தூவினார்கள். வேப்பெண்ணெய் தடவினார்கள். இரண்டாம் முறை கூண்டு இறக்கினேன். மூன்று நாள் தாக்குப்பிடித்தன, அவ்வளவுதான். பிலோமியக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

வலைக்குள் முட்டையிலிருந்து வந்த புழுக்கள் நலம். பக்கெட்டில் முந்நூறு, நானூறு வால்கள் ஆடுகின்றன.

செப்டம்பர் 23. பிற்பகல் 1.45
காற்று: மேற்கு, 140.

விஞ்சின் கம்பி அறுந்துவிட்டது. பெட்டி சரிவில் உருண்டு போனதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். காற்றாலையின் ஒரு இறக்கையும் போயிற்று, அதனால் மின்சாரம் பாதிதான்.

ஒரே ஓர் அறையைத்தான் சூடாக வைக்க முடியும். புழுக்கள் இருக்கும் என் அறையை வைத்துக்கொண்டேன். கூடத்துக்குச் சூடு போகாது. அங்கே இருப்பவை எப்படியும் குளிரில் மெதுவாக நடந்துகொண்டிருக்கும்.

புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. சூடு சரியாக இருந்தால் பத்து நாள். இந்தச் சூட்டுக்கு எத்தனை நாளோ தெரியாது. கூடுகள் இருக்கும் டப்பாவைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்குக்கூட யாராவது பொன்னாடை போர்த்தலாம்.

செப்டம்பர் 30. காலை 7.20
காற்று: மேற்கு, 95.

கீழ்முகாம்: "குளுரு முந்திட்டு, பூ பாதியிலயே கருகிப்போச்சு. பிடுங்கிப் பாத்தோம். நசுக்கினா உள்ள ஒண்ணுமில்ல. பூராவும் பதரு. ஓரத்துல ரெண்டு பாத்தி மட்டும் மணி பிடிச்சிருக்கு, நீ மொத அனுப்புனியே, அந்தக் கால்நடை நடந்த எடம். வெதைக்குக்கூடக் காணாது."

நான்: "எவ்வளவு நாளுக்குச் சாப்பாடு இருக்குக்கா?"

கீழ்முகாம்: "அத ஏன் கேக்க. நீ சாப்ட்டியா?"

ரேடியோவின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 4. காலை 8.00
காற்று: மேற்கு, 70.

அவர்கள் கிளம்புகிறார்கள். மேற்குக் கணவாயைத் தாண்டினால் அப்புறத்துப் பள்ளத்தில் இன்னொரு முகாம் இருக்கிறது. அங்கே சேமிப்பு உண்டு என்று கேள்வி. அவர்களுக்கும் தேனீ செத்துப்போய்விட்டது. வெறுங்கையோடு நூற்றுச் சொச்சம் பேர் போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்களா என்பது ஊரின் பயம்.

கீழ்முகாம்: "ஒன்ன விட்டுட்டுப் போக மாட்டோம். முகட்டுப் பாதை வழியா நீ கணவாய் அடிக்கு வந்துரு. அரை நாளு நடைதானே?"

நான்: "அக்கா, பறக்குத ஈ கூட்டுக்குள்ள இருக்கு. ரெண்டு நாள்ல வெளிய வந்துரும். முந்நூறாவது தேறும். அதக் கொண்டுக்கிட்டு வந்தா அந்தூர்க்காரன் நம்மளக் கை கூப்பிக் கூட்டிட்டுப் போவான். அடுத்த வருசம் வெதைக்கலாம்."

கீழ்முகாம்: "அப்போ கணவாய் அடியில ரெண்டு நாள் நிக்கோம். நீ ஈயோட வா."

கூட்டோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு இப்போதே போயிருக்கலாம். இந்தக் குளிரில் போர்வைக்கு வெளியே ஒரு மணி நேரம் இருந்தாலும் கூட்டுக்குள்ளேயே செத்துப்போகும். அதனால்தான் போகவில்லை. இதை நான் நூறு முறை எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று.

அக்டோபர் 6. மாலை 4.15
காற்று: மேற்கு, 75.

வெளிவரவில்லை. ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே ஈ முழுசாக இருக்கிறது, கண்ணுக்கு நிறம் ஏறிவிட்டது. இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.

அவர்கள் கணவாய் அடிக்கு வந்துவிட்டார்கள். அங்கே பாறையைத் தவிர ஒதுக்கிடம் கிடையாது. பிலோமியக்காவிடம் கை ரேடியோ இருக்கிறது.

பிலோமி: "பிள்ளைகளுக்கு இருமலு வந்துட்டு. கணவாய்ல இப்பம் காத்து கம்மியா இருக்கு, சூசையண்ணன் போயிருவோம்ங்காரு. நீ என்னட்டி சொல்லுத?"

நான்: "ஒரு நாள் பொறுங்கக்கா. ஒரே ஒரு நாள்."

பிலோமி: "சரி. நீ சொன்னா சரி."

அக்டோபர் 7. காலை 9.00
காற்று: மேற்கு, 150.

கணவாயை யாரும் தாண்ட முடியாது. நேற்றுப் போயிருக்கலாம். நேற்று நன்றாக இருந்தது.

பெரியவர்கள் இரண்டு பேர் விடிவதற்குள் இறந்துவிட்டார்கள். பெயர் சொன்னார் பிலோமியக்கா. நான் அவர்களைப் பார்த்ததில்லை. குரூஸ், செல்லத்தாய். இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 8. காலை 6.10
காற்று: மேற்கு, 85. குறைகிறது.

வந்துவிட்டன.

போர்வைக்குள் ரீங்காரம் கேட்டு எழுந்தேன். வலை முழுக்க ஈ. நடக்கிறதும் இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் பறக்கின்றன. சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி பறக்கின்றன. ஆறு வருடத்தில் இந்தக் கட்டிடத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பறக்கிறவற்றை மட்டும் கூண்டில் எடுத்தேன். கூண்டை நெஞ்சோடு கட்டி, மேலே கம்பளி போர்த்திக்கொள்கிறேன். பொன்னாடையையும் சேர்த்துத்தான். கிளம்புகிறேன். ரேடியோவில் சொல்லிவிட்டேன். அங்கே யாரோ கை தட்டினார்கள்.

பதிவை இத்துடன்

அக்டோபர் 8. காலை 10.50

திரும்பி வந்திருக்கிறேன். இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் வளைவில், மறைப்பு முடிகிற இடத்தில், காற்று தூக்கிப் பாறையில் அடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருக்கிறது. கூண்டு உடைந்துவிட்டது.

பறந்தன. எல்லாம் ஒன்றாக எழும்பின. என் தலைக்கு மேலே ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றன. அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பக்கம் வெறும் பாதாளம். கூண்டின் மூலையில் பறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று மட்டும் என் கையில் ஏறி நடந்தது. அதை நசுக்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

தவழ்ந்துதான் வந்தேன்.

அக்டோபர் 8. காலை 11.30
காற்று: மேற்கு, 70.

பிலோமி: "வடிவு, எங்க வார? காத்து நின்னுட்டு. இப்பமே ஏறணும்ங்காவ எல்லாரும். நீ வராம நான் நகர மாட்டேன்னு சொல்லிட்டேன். நான் உக்காந்தா அத்தன பேரும் உக்காந்துருவாவ."

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். ஈ இல்லை, நான் வர முடியாது என்றால், என்னைத் தூக்கிவர ஆள் அனுப்புவார். அதற்குள் காற்று திரும்பிவிடும். நேற்று முன்தினம் செய்ததை இன்னொரு முறை செய்ய என்னால் முடியாது.

நான்: "பாதி வழி வந்துட்டேன்க்கா. ஈ எல்லாம் நல்லாருக்கு. நீங்க ஏறுங்க. நான் பின்னாலேயே வாரேன்."

பிலோமி: "நெசமா?"

நான்: "நெசமாக்கா. நடங்க."

பிலோமி: "சரிட்டி. பாத்து வா."

நிம்மதியாக இருந்தது. கடைசியில் ஒரு காரியம் சரியாகச் செய்தேன் என்று நினைத்தேன். காலை இழுத்துக் கட்டினேன். வலியில் கொஞ்சம் மயங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அக்டோபர் 8. பிற்பகல் 3.40
காற்று: மேற்கு, 120. ஏறுகிறது.

ரேடியோ சத்தத்தில் விழித்தேன்.

பிலோமி: "...கேக்கா? எல்லாரும் அந்தப் பக்கம் எறங்கிட்டாவ. சூசையண்ணன் கூட்டிட்டுப் போறாரு. ஒன்னத்தான் காணல. பாதையில எங்கயும் விழுந்து கெடக்கியோன்னு நான் மத்தியானமே திரும்பிட்டேன், முக்காவாசிப் பாதை வந்தாச்சு."

நான்: "அக்கா, வராதீங்க. நான் அங்க இல்ல. பொய் சொன்னேன். நான் ஆய்வகத்துலதான் இருக்கேன். திரும்பிப் போங்க."

பிலோமி: "ஒண்ணும் வெளங்கல, ஒரே காத்து சத்தம். நீ அங்ஙனயே இரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

நான்: "வராதீங்கக்கா."

பிலோமி: "வாரேன், வாரேன்."

3.55

கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆன்டெனா சாய்ந்திருக்கிறது. அவர் பேசுவது எனக்கு வருகிறது, நான் பேசுவது அவருக்குப் போகவில்லை. மேலே ஏறிச் சரிசெய்யக் கால் வேண்டும்.

4.10

வாசல்வரை தவழ்ந்து போனேன். கதவைத் திறந்ததும் காற்று உள்ளே தள்ளிவிட்டது. மறுபடி போனேன். மறுபடி தள்ளியது.

4.25
காற்று: அளவி உடைந்துவிட்டது.

பிலோமி: "ஏட்டி, ஒன் கம்பளி கெடச்சிருச்சு. பாறையில சிக்கிக் கெடக்கு. மேல ஒரு சரிகைத் துணி. அப்போ பக்கத்துலதான் இருக்க. பயப்படாத."

முதல் வளைவு. இங்கிருந்து கூப்பிடு தூரம். கத்தினேன். தொண்டை போகக் கத்தினேன். அக்கா அந்த வளைவைத் தாண்டி வராதே. மறைப்பு இல்லை அங்கே. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அக்கா

4.35

பிலோமி: "நடக்குத சத்தம் கேக்கு வடிவு. நீதானே? இந்தா, கைய நீட்டு..."

அந்த வளைவில் காற்றைத் தவிர வேறு யாரும் இல்லை. அது நான் இல்லை.